அறுந்த கம்பி

ஞாயிற்றுக்கிழமை காலையிலிருந்தே மழை. ஹெபெர் டிவிடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, பிறந்த குழந்தையைக் கொண்டுவருகிறவர் போல இரண்டு கையாலும் நெஞ்சை மூடியபடி வாசலில் வந்து நின்றார். பின்னால் யமந்து. அவர் ஒரு கையில் ஒயின் பாட்டில், இன்னொரு கையில் குடை. குடையைப் பாட்டிலுக்குத்தான் பிடித்திருந்தார்.

"அடுத்த வாரம்தான் கடைக்கே வருது. மொத காப்பி இந்த வீட்டுக்கு," என்றார் ஹெபெர். "எங்க அந்தக் கிழட்டு நாயி?"

"பின்னாடி நெருப்போட பேசிக்கிட்டு இருக்கு," என்றாள் என் மாமியார் சுலேமா.

என் மாமனார் வில்மார் பின்கட்டில் தகரக் கூரைக்குக் கீழே உட்கார்ந்து, விறகுத் தணலைக் கறிக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். தள்ளவேண்டிய அவசியமே இல்லை. தணல் சரியாகத்தான் இருந்தது. அவர் உள்ளே வராமல் இருக்க ஒரு காரணம் தேடிக்கொண்டிருந்தார், அவ்வளவுதான்.

அக்கா, இவர்களை எல்லாம் நீ போனில் பார்த்திருக்கிறாய். ஆனால் இந்த ஊரில் இவர்கள் யார் என்று நான் உனக்குச் சரியாகச் சொன்னதில்லை. 'கடைசிப் படகு' என்று சொன்னால் மொந்தேவிதேயோவில் ஐம்பது வயது தாண்டிய யாரும் நடக்கிற நடையை நிறுத்திவிட்டு ஒரு வரி பாடுவார்கள். ஹெபெர் பாடகர். யமந்து டிரம்ஸ். என் மாமா கிட்டார். ராணுவ ஆட்சி போன சமயத்தில் இந்த செர்ரோ குன்றிலிருந்துதான் கிளம்பினார்கள். அப்புறம் சண்டை. இருபது வருஷத்துக்கு மேல் முகம் பார்க்கவில்லை. போன நவம்பரில், நதி ஓரத்துத் திறந்தவெளி அரங்கில், ஒரே ஓர் இரவு மறுபடி சேர்ந்து வாசித்தார்கள். அரங்கத்துக்கு வெளியே பாறைகள் மேல் கூட ஜனம் உட்கார்ந்திருந்தது. அதைத்தான் படம் எடுத்து டிவிடியாகப் போட்டிருக்கிறார்கள்.

அந்த இரவு மேடையில் மாமா நின்றார். கிட்டார் அவர் தோளில் தொங்கியது. விரல்கள் ஓடின. ஆனால் ஜனங்கள் கேட்ட கிட்டார் அவருடையது இல்லை.

அதற்கு இரண்டு வருஷம் முன்னால் அவருக்கு மூளையில் ஒரு சின்ன அடைப்பு வந்து, இடது கை விரல்கள் மரத்துப்போயின. பயிற்சி செய்து செய்து சரியாக்கிவிட்டதாக அவர் நம்பினார். ஒத்திகையில் கேட்டவர்கள் நம்பவில்லை. ஹெபெர்தான் ஏற்பாடு செய்தார். மாமாவின் காதில் மாட்டிய கருவியில் மாமா வாசித்தது மாமாவுக்கு மட்டும் கேட்கும். வெளியே ஒலிபெருக்கியில் வருவது, மேடைக்குப் பின்னால் கறுப்புத் திரைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து வேறொருவர் வாசிப்பது.

அந்த வேறொருவர் என் புருஷன் கஸ்பார்.

கஸ்பார் மூலைக் கடையில் கறி வெட்டுகிறான். பதினேழு வயதில் ஒருநாள் அப்பாவின் நண்பர்கள் முன்னால் கிட்டாரை எடுத்து வாசித்தானாம். மாமா சிரித்துக்கொண்டே, "இது கிட்டார் கையில்லடா, கசாப்புக்காரன் கை," என்றாராம். அடுத்த வருஷம் இவன் கறிக்கடையில் சேர்ந்துவிட்டான். கேட்டால், "அப்பா வேலை வாங்கிக் குடுத்தாரு," என்று சிரிப்பான். வீட்டில் எல்லோரும் படுத்த பிறகு ஒலிபெருக்கி இல்லாமல், கம்பி மட்டும் கிசுகிசுக்கிற மாதிரி அவன் வாசிப்பான். அப்பாவின் பாட்டு எல்லாம் அவனுக்கு மனப்பாடம்.

அந்த இரவு முடிந்து திரைக்குப் பின்னாலிருந்து வந்தபோது அவன் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் மட்டும்தான் பார்த்தேன். கல்யாணத்தன்று கூட அவன் அப்படி இருந்ததில்லை.

மாமா மேடையிலிருந்து இறங்கி வந்து சொன்னது இதுதான்: "நங்கூரத்தைக் கெடுத்துட்டேன். நடுவுல கம்பி அறுந்துபோச்சு."

'நங்கூரம்' அவர்களுடைய பெரிய பாட்டு. அதன் நடுவில் வரும் கிட்டார் தனி வாசிப்பை இந்த ஊர்க் குழந்தைகள் கூட வாயால் வாசிக்கும். காதில் மாட்டியதில் அவர் தன் அறுந்த கம்பியைக் கேட்டிருக்கிறார். எல்லோரும் அவரைச் சுற்றி நின்று, "யாருக்கும் தெரியலடா, ஜனங்க போட்ட கூச்சல்ல ஒண்ணும் கேக்கல," என்றார்கள். அதற்குப் பிறகு அவர் கிட்டாரைத் தொடவில்லை. பெட்டியோடு கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டார். டிவிடி வரப்போகிறது என்று யாராவது சொன்னால் எழுந்து போய்விடுவார்.

இப்போது ஹெபெர் டிவிடியோடு இன்னொன்றும் கொண்டுவந்திருந்தார். மார்ச் மாதம் ஆற்றுக்கு அந்தப் பக்கம், புவெனஸ் ஐரஸில் மூன்று நாள் கச்சேரி. மாமா சரி என்று சொல்லவேண்டும். சொன்னால் கஸ்பார் மறுபடி திரைக்குப் பின்னால் போவான். அவன் ஒரு வாரமாகத் தூங்கவில்லை. வாய் திறந்து கேட்கவும் இல்லை.

"கறி வேகல," என்று பின்கட்டிலிருந்து குரல் வந்தது.

"மாடு வெந்துருச்சு, நீதான் வேகல. வாடா உள்ள!" என்று ஹெபெர் கத்தினார்.

மாமா கையைத் துணியில் துடைத்துக்கொண்டே, சமையலறை வாசலில் தொங்கும் பிளாஸ்டிக் பட்டைத் திரையை விலக்கி உள்ளே வந்தார். டிவிக்கு எதிரில் உட்காராமல் ஓரத்து நாற்காலியில், எப்போது வேண்டுமானாலும் எழுந்துபோகலாம் என்கிற மாதிரி நுனியில் உட்கார்ந்தார். நாய் பத்தாதா அவர் காலடியில் வந்து சுருண்டது. இந்த ஊர்க் கசப்பு இலைத் தேநீர் மாத்தேயை நான் ஊற்றிக் கொடுத்தேன். யமந்து ஒரு வாய் உறிஞ்சி முகத்தைச் சுளித்தார்.

"யுஸ்மாரி, இதுல சர்க்கரை போட்டியா?"

"போடல."

"வெனிசுவேலாக்காரி பாத்தாலே இனிச்சுருது போல."

"அது அவ கை ராசி," என்றார் மாமா. என் பக்கம் பேச அவருக்குப் பிடிக்கும். நான் வந்த புதிதில் இந்த வீட்டில் என்னை முதலில் 'பொண்ணே' என்று கூப்பிட்டவர் அவர்தான். அதனால்தான் அக்கா, அன்றைக்கு அவர் முகத்தை என்னால் நேராகப் பார்க்க முடியவில்லை.

படம் ஓடத் தொடங்கியது. கூட்டம், கைகள், பின்னால் கறுப்பாக நதி. நான்கு கிழவர்கள் வெளிச்சத்துக்குள் நடந்துவந்தார்கள். செத்துப்போன பாஸ் கிட்டார்காரருக்குப் பதிலாக அவர் தம்பி. முதல் பாட்டு. கிட்டார் உள்ளே நுழைந்தது.

மாமா தலையைச் சாய்த்தார். சந்தையில் யாரோ தன் பெயரைச் சொன்னது போல.

"நல்லாத்தான் இருக்கே," என்றார் மெதுவாக.

"நல்லாவா? மயிர்க்கூச்செறியுதுடா!" என்று ஹெபெர் தன் கையை நீட்டிக் காட்டினார். அதில் மயிரே இல்லை.

இரண்டாவது பாட்டில் மாமா நாற்காலியில் பின்னால் சாய்ந்தார். மூன்றாவதில் நாற்காலியை டிவிக்கு நேராக இழுத்துப் போட்டார். நான்காவதில் கால் தாளம் போட்டது. பல மாதங்களாக வளைந்திருந்த அவருடைய முதுகு கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்வதை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். நல்லது நடக்கிறது என்று நினைத்துச் சந்தோஷப்படவும் முடியவில்லை. கஸ்பார் சுவரில் சாய்ந்து, கறி பரிமாறும் தட்டைக் கையில் வைத்துக்கொண்டே நின்றான்.

"சுலேமா, கேட்டியா அத? அந்த வளைவு! டாக்டர் என்ன சொன்னான்? 'விரல் திரும்ப வராது.' அவனக் கூட்டியா, இத அவன் காதுல கட்டிவிடறேன்."

"கேட்டேன், கேட்டேன்," என்றாள் மாமியார், தரையைப் பார்த்துக்கொண்டு.

மாமா மகன் பக்கம் திரும்பினார். "கஸ்பார், இங்க பாரு. வயசாயிருச்சுன்னு நெனச்சியே அப்பனுக்கு. கேளு. கம்பிய இழுக்கறதில்ல, கெஞ்சறது. இத உனக்கு எத்தன தடவ சொல்லிக் குடுத்தேன்? வந்துச்சா? உனக்கு வரவே வராதுடா."

யமந்து குனிந்து நாயைத் தடவினார். ஹெபெர் பாட்டிலில் இருந்த லேபிளைப் படித்தார்.

"ஆமாப்பா," என்றான் கஸ்பார். "எனக்கு வராது."

அவன் வாசித்ததை வைத்தே அவனை அடித்தார், அக்கா. அவன் வாங்கிக்கொண்டான். தட்டைப் பிடித்திருந்த கை மட்டும் வெளுத்திருந்தது. நான் ஏதாவது சொல்லியிருக்கவேண்டும். அந்தப் பாட்டு முடிந்தது. டிவியில் ஜனங்கள் கைதட்டினார்கள். ஹெபெர் கைதட்டினார், யமந்து தட்டினார், மாமியாரும் தட்டினாள். நானும் மாமாவைப் பார்த்துக் கைதட்டினேன்.

அப்புறம் 'நங்கூரம்' தொடங்கியது.

மாமா சட்டென்று எழுந்தார். "கறியத் திருப்பிப் போடணும்."

"உக்காரு கிழவா," என்றாள் மாமியார். அது அவளாகவே சொன்னதில்லை, பழக்கத்தில் வந்த வார்த்தை. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

"இதுலதான் அறுந்துச்சு. நான் பாக்க மாட்டேன்."

"ஒண்ணும் அறுந்த மாதிரி தெரியாது. நான் பாத்துட்டேன்," என்றார் ஹெபெர். அவர் அதைப் போனில், உள்ளங்கை அகலத் திரையில் பார்த்திருந்தார்.

மாமா நின்றபடியே, நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு கேட்டார். தனி வாசிப்பு வந்தது. கப்பல் சங்கு மாதிரி ஒரு நீண்ட சத்தத்தில் தொடங்கி, படிப்படியாக ஏறியது. அவர் உதடு அசைந்தது. இங்கேதான், இங்கேதான் என்று எண்ணுகிறார் என்று தெரிந்தது. அந்த இடம் வந்தது. தாண்டியது. சத்தம் ஒரு இடத்திலும் சிதறாமல் மேலே போனது.

"அறுந்துபோகல," என்றார். எங்களைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது. "அறுந்துபோகவே இல்லடா! எல்லாம் என் மண்டைக்குள்ள நடந்திருக்கு! இத்தன மாசம் நான்..." அவர் சிரித்தார். ஹெபெரின் தோளில் ஓங்கி ஒன்று போட்டார். "புவெனஸ் ஐரஸ் எப்ப? மார்ச்சா? போலாம்டா!"

ஹெபெர் எழுந்து அவரைக் கட்டிக்கொண்டார். நான் கஸ்பாரைப் பார்த்தேன். அவன் கண் டிவியிலேயே இருந்தது. அவன் முகம் மாறியதைப் பார்த்துத்தான் நானும் திரும்பினேன்.

டிவியில் காமெரா மாமாவின் கைக்கு மிக அருகில் வந்திருந்தது. பின்னாலிருந்து நீல வெளிச்சம். கிட்டாரின் கழுத்திலிருந்து ஒரு கம்பி விடுபட்டு, சுருண்டு, மீன் தூண்டில் நரம்பு மாதிரி காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வெளிச்சத்தில் மின்னியது. மாமாவின் விரல் அந்தக் கம்பி இல்லாத இடத்தில் அழுத்தியது. சத்தம் முழுசாக, சுத்தமாகப் பாடியது.

ஹெபெரின் தோளுக்கு மேலாக மாமாவும் அதைப் பார்த்துவிட்டார்.

"நிறுத்து," என்றார்.

ரிமோட் என் மடியில் இருந்தது. அவசரத்தில் வேறு ஏதோ பட்டனை அழுத்திவிட்டேன். சத்தம்தான் கூடியது. கடைசியில் கஸ்பார் வந்து என் கையிலிருந்து வாங்கி நிறுத்தினான். ஆடிக்கொண்டிருந்த கம்பி அப்படியே நின்றது.

மாமா டிவி பக்கத்தில் போய்க் குனிந்து, ஒரு விரலால் அந்தக் கம்பியைத் திரையில் தொட்டார்.

"கொஞ்சம் பின்னாடி போ. திரும்பப் போடு."

"அப்பா, வேணாம்."

"போடு."

போட்டான். மாமா இந்தத் தடவை படத்தைப் பார்க்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். வாசிப்பு ஏறி, இறங்கி, கடைசி சுரத்துக்கு வந்தது. அந்தச் சுரம் ஒரு மயிரிழை தாமதமாக வந்து உட்கார்ந்தது. எனக்கு அது தெரிந்திருக்காது. கஸ்பாரை அவர் வாழ்நாள் முழுக்கத் திட்டியது அந்த ஒன்றுக்குத்தான் என்பதால் தெரியும். 'பூசை முடிஞ்சு கோயிலுக்கு வர்றவன் மாதிரி வர்ற,' என்பார்.

அவர் கண்ணைத் திறந்தார். யாரையும் பார்க்கவில்லை. மெதுவாக அந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"எங்க உக்காந்திருந்த?" என்று கேட்டார்.

"டிரம்ஸுக்குப் பின்னாடி. கறுப்புத் திரை இருந்துச்சுல்ல," என்றான் கஸ்பார்.

"எல்லாப் பாட்டுமா?"

"எல்லாப் பாட்டும்."

மாமா என்னைப் பார்த்தார். "பொண்ணே, உனக்குத் தெரியுமா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "தெரியும் மாமா."

"சுலேமாவுக்கு?"

மாமியார் முந்தானை மாதிரி ஏப்ரனைத் தூக்கி முகத்தை மூடிக்கொண்டாள்.

"லைட்டுக்காரனுக்கு, சவுண்டுக்காரனுக்கு, வாசல்ல டிக்கெட் கிழிச்சவனுக்கு... பத்தாதாவுக்கு?"

பெயரைக் கேட்டு நாய் வாலை ஆட்டியது. வேறொரு நாளாக இருந்தால் சிரித்திருப்போம்.

"டேய் வில்மார்," என்று ஹெபெர் தொடங்கினார். "ஜனங்க உன்னப் பாக்கத்தான் வந்தாங்க. நீ இல்லாம அது கச்சேரியே இல்ல."

"பாக்க," என்றார் மாமா. "ஆமா. பாக்கத்தான்."

"உன் மானம் போயிரக்கூடாதுன்னுதான் செஞ்சோம்."

"தெரியுது. நல்லாக் காப்பாத்திக் குடுத்தீங்க." அவர் கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தேவலை. "அதெல்லாம் விடு. இப்ப இங்க, இதே நாற்காலியில உக்காந்து, இவனப் பாத்து நான் என்ன சொன்னேன்? 'உனக்கு வராது'ன்னு சொன்னேன். இவன் வாசிச்சதக் காட்டி இவன்கிட்டயே. நீங்க எல்லாரும் கேட்டுக்கிட்டு இருந்தீங்க. ஒருத்தனாவது என் வாயப் பொத்தியிருக்கக் கூடாதா?"

யமந்து தொண்டையைக் கனைத்தார். எனக்கு என் உள்ளங்கைகள் இன்னும் சூடாக இருப்பது போலிருந்தது. தட்டிய கைகள்.

"புவெனஸ் ஐரஸுக்கு நான் வரல," என்றார் மாமா.

"நானும் போகல," என்றான் கஸ்பார் உடனே. அந்த இரண்டு வார்த்தைக்கு அவன் எதைக் கொடுத்தான் என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரிந்திருக்கவேண்டும். அவர் நீண்ட நேரம் மகனின் கைகளையே பார்த்தார். கத்தி வெட்டிய தழும்புகள், நகக்கண்ணில் போகாத சிவப்பு.

பிறகு எழுந்து அறைக்குள் போனார். கட்டிலுக்கு அடியில் பெட்டி இழுபடும் சத்தம் கேட்டது. கிட்டாரோடு திரும்பி வந்தார். நவம்பரில் அறுந்த கம்பி அதில் அப்படியே சுருண்டு தொங்கியது. புதுக் கம்பிச் சுருள் ஒன்றையும் மேசைமேல் வைத்தார்.

"மாத்து. என் விரலுக்கு அந்த ஓட்டையில நுழைக்க வராது." அவர் அதை யார் முன்னாலும் சொல்லி நான் கேட்டதில்லை.

கஸ்பார் உட்கார்ந்து பழைய கம்பியை உருவினான், புதியதைக் கோர்த்தான், முறுக்கினான். எல்லோரும் அதையே பார்த்தோம், பார்க்க வேறு இடமில்லாததால். சுருதி சேர்ந்தது.

"வாசி."

"இப்பவா?"

"நங்கூரம். தொடக்கத்துலேருந்து."

கஸ்பார் கையை வைத்தான். முதல் சத்தம் வழுக்கியது. மறுபடி வைத்தான். மறுபடியும் வழுக்கியது. அத்தனை ஜனத்துக்கு வாசித்தவன் அக்கா, அப்பா பார்க்கும்போது விரல் நகரவில்லை. காது வரை சிவந்துபோனான்.

"முடியலப்பா. நீங்க பாக்கறீங்க."

மாமா திட்டுவார் என்று நினைத்தேன். அவர் தலையை ஆட்டினார். திரும்பி நடந்தார். சமையலறை வாசலின் பிளாஸ்டிக் பட்டைகளை விலக்கிக்கொண்டு அந்தப் பக்கம் போனார். பட்டைகள் ஒன்றோடொன்று தட்டி அடங்கின. அதற்கு மேல் அவர் போகவில்லை. அங்கேயே நின்றார். கீழே அவருடைய கயிற்றுச் செருப்பு இரண்டும் எங்கள் பக்கம் பார்த்தபடி தெரிந்தன.

"இப்ப நான் இல்ல," என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது. "வாசிடா."

பிறகு கஸ்பார் தொடங்கினான். நீண்ட அந்த முதல் சத்தம் இந்தத் தடவை வழுக்கவில்லை. ஹெபெர் ஒயின் கிளாஸைத் தொடாமல் வைத்திருந்தார். மாமியார் ஏப்ரனுக்குள் இருந்து வெளியே வரவில்லை. வாசிப்பு ஏறி, இறங்கி, கடைசிச் சுரத்துக்கு வந்தது. தாமதமாகத்தான் வந்தது, எப்போதும் போல.

வழக்கமான அந்தப் பூசைத் திட்டு திரைக்குப் பின்னாலிருந்து வரவில்லை. செருப்புகள் நகரவில்லை.

பின்கட்டிலிருந்து கறி கருகும் வாசனை வந்தது. அங்கே போகவேண்டுமென்றால் அவரைத் தாண்டித்தான் போகவேண்டும். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. கை தட்டவும் இல்லை.